வரிசை நீண்ட நாட்களில் நிதானம்: ஒரு வங்கிக் காசாளரின் அனுபவம்

2016 நவம்பர் 8 இரவு 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் பேசத் தொடங்கி முடிப்பதற்குள், 500, 1,000 ரூபாய் நோட்டுகள், அதாவது நாட்டில் புழங்கிய பணத்தின் மதிப்பில் ஏறத்தாழ 86 சதவீதம், அன்று நள்ளிரவு முதல் செல்லாது என்றாகிவிட்டது. மறுநாள் வங்கிகளில் பொதுமக்களுக்கான சேவை இல்லை. 10ஆம் தேதி காலை கதவைத் திறந்தபோது வரிசை தெருமுனையைக் கடந்து நின்றது. அப்போது நான் பல்லாவரத்துக்கு அருகே ஒரு பொதுத்துறை வங்கிக் கிளையில் தலைமைக் காசாளராக இருந்தேன். அந்த முடிவு சரியா தவறா என்பது பற்றிப் பொருளாதாரம் அறிந்தவர்கள் நிறையவே எழுதிவிட்டார்கள். நான் எழுத விரும்புவது வேறு. முன்னறிவிப்பே இல்லாமல் மாற்றம் வந்து, அதன் விதிகளும் வாரத்துக்கு இருமுறை மாறி, அந்த மாற்றத்தால் துன்பப்படுபவர்கள் நம் முகத்துக்கு நேரே நிற்கும்போது, வேலையில் பிழை வராமலும் மனம் உடையாமலும் இருப்பது எப்படி என்பதை நான் கற்றது, பழைய நோட்டுகளை வங்கியில் செலுத்தக் கடைசி நாளான டிசம்பர் 30 வரை நீடித்த அந்த வாரங்களில்தான். பின்னால் பணிக்கு வந்த இளையவர்கள் பலர், "எப்படி மேடம் தாங்குனீங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். பொறுமை பிறவிக் குணம் என்றோ பழகினால் வரும் என்றோ பதில் சொன்னால் அவர்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. எங்கள் கிளையில் நிதானம் இருந்தது என்றால், அது நாங்கள் வேலையை அடுக்கிக்கொண்ட விதத்திலிருந்து வந்தது. ஆகவே அந்த விதத்தையே விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் ஓர் அச்சம் பொதுவானது: மாலையில் கணக்கு முடிக்கும்போது பணம் குறைந்தால், காசாளர் அதைத் தம் கையிலிருந்து கட்ட வேண்டும். ஒரு கட்டில் 100 நோட்டுகள் என்பதால், பழைய 1,000 ரூபாய்க் கட்டு ஒன்று எண்ணிக்கையில் தவறினால் ஒரு லட்சம் ரூபாய். சாதாரண நாட்களில் வந்ததைப் போலப் பல மடங்கு பணம் உள்ளே வந்துகொண்டிருந்தது. அதைக் கொடுக்க வந்தவர்களோ காலையிலிருந்து வெயிலில் நின்றவர்கள். கண்ணாடிக்கு அப்பால் குரல் உயரும்போது, நம்மை அறியாமலே விரல்கள் வேகம் எடுக்கின்றன. பிழை பிறப்பது அந்த இடத்தில்தான். எனவே முதல் நாள் மாலையிலேயே கவுண்டரில் இருந்த நாங்கள் ஓர் ஒழுங்கை வகுத்துக்கொண்டோம். ஒருவருக்கு ரசீதைக் கொடுத்து முடிக்கும்வரை அடுத்தவரின் பணத்தைக் கண்ணாடிக்குள் வாங்குவதில்லை. ஒவ்வொரு கட்டும் இயந்திரத்தில் இருமுறை ஓட வேண்டும். எந்த மதிப்பில் எத்தனை நோட்டுகள் என்பதைச் செலானில் எழுதி, வாடிக்கையாளரிடம் வாய்விட்டுச் சொல்லி, அவர் தலையசைத்த பிறகே பணம் இழுப்பறைக்குள் போகும். செல்லாத நோட்டுகளுக்கு ஒரு பெட்டி, செல்லும் நோட்டுகளுக்கு வேறொரு பெட்டி; இரண்டும் மேசையின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கும்.

பக்கத்துக் கவுண்டரில் இருந்தவர் பணியில் சேர்ந்து ஓராண்டுகூட நிறையாத இளைஞர். யாராவது சத்தம் போட்டால் அவருக்குக் கை நடுங்கும், உடனே அவசரப்படுவார். "யாராவது கத்துனா, கையில இருக்கிற கட்டை முதல்ல இருந்து மறுபடி எண்ணுப்பா" என்று அவரிடம் சொன்னேன். அது வாடிக்கையாளரைத் தண்டிப்பதற்காகச் சொன்னதல்ல. சத்தம் கேட்ட கணத்தில் கவனம் சிதறியிருக்கும் என்பதால், அந்தக் கட்டை மீண்டும் எண்ணுவது தொழில்முறையில் சரியான செயல்தான். அதோடு, அந்தக் கணத்தில் செய்வதற்கு அவருக்குத் தெளிவான ஒரு வேலையும் கிடைத்துவிடுகிறது. பதற்றம் வரும்போது 'பதறாதே' என்று சொல்வதால் யாருக்கும் பதற்றம் தணிந்து நான் பார்த்ததில்லை. கைக்கு ஒரு திட்டமான வேலை கொடுத்தால் தணிகிறது. இன்னொன்றையும் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். நோட்டு எண்ணும் இயந்திரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,000 நோட்டுகளை எண்ணும் என்பதால், ஒரு கட்டு முடிய ஆறு விநாடி ஆகிறது. அந்த ஆறு விநாடியும் மூச்சை மெல்ல வெளியே விடுவதற்கு உரியது. மூச்சை இழுப்பதைவிட விடுவது நீளமாக இருந்தால் இதயத் துடிப்பு தணிகிறது என்பது உடலியல் அறிந்த உண்மை. தியானத்துக்கென்று தனியே நேரம் ஒதுக்க முடியாத இடத்தில், இயந்திரம் ஓடும் நேரமே எங்களுக்கு அதற்குப் போதுமானதாக இருந்தது.

கையை அடக்கியதைவிடக் கடினமாக இருந்தது விதிகளைத் தொடர்ந்து செல்வது. பழைய நோட்டை மாற்றிக்கொள்ளும் வரம்பு முதலில் 4,000 ரூபாய். சில நாட்களில் 4,500 ஆயிற்று. நவம்பர் 18 முதல் 2,000 ஆகக் குறைந்தது. 24ஆம் தேதியோடு மாற்றித் தருவதே நின்றது. கணக்கிலிருந்து எடுக்கும் தொகை வாரத்துக்கு 20,000 என்று தொடங்கி 24,000 ஆயிற்று. இடையில், மாற்றிக்கொண்டவர்களின் விரலில் மை வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஒரு சனிக்கிழமை, மூத்த குடிமக்களுக்கும் எங்கள் சொந்த வாடிக்கையாளர்களுக்கும் மட்டும் என்றார்கள். டிசம்பர் 19ஆம் தேதி வந்த அறிவிப்பின்படி, 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட பழைய நோட்டுகளை ஒரே ஒரு முறைதான் கணக்கில் செலுத்தலாம், ஏன் முன்பே செலுத்தவில்லை என்ற விளக்கத்தை இரண்டு அதிகாரிகள் முன்னிலையில் வாங்க வேண்டும். 21ஆம் தேதி, கேஒய்சி எனப்படும் அடையாளச் சரிபார்ப்பை முறையாக முடித்த கணக்குகளுக்கு அது திரும்பப் பெறப்பட்டது. நேற்று நாம் ஒருவரிடம் உறுதியாகச் சொன்னது இன்று பொய்யாகிவிடும் என்ற நிலை, உழைப்பைவிட அதிகமாக மனத்தைக் களைப்படையச் செய்கிறது.

இதற்கு எங்கள் மேலாளர் எடுத்த ஏற்பாடு மிக எளிமையானது. காலையில் கதவு திறப்பதற்குக் கால் மணி நேரம் முன்பு எல்லோரும், காவலாளியும் அலுவலக உதவியாளரும் உட்பட, கூடி நிற்போம். அதிகாரி ஒருவர் முந்தைய இரவு ரிசர்வ் வங்கியின் இணையதளத்திலும் எங்கள் தலைமை அலுவலகத்திலிருந்தும் வந்த சுற்றறிக்கைகளை மட்டும் படித்து, மாறியது என்ன என்பதைத் தமிழில் சொல்வார். பிறகு வாசலில் இருந்த பலகையை முழுவதும் அழித்துவிட்டு, அன்றைய தேதியுடன் அன்றைக்குச் செல்லுபடியாகும் விதிகளை மட்டும் எழுதுவோம். பழைய அறிவிப்பு ஒன்றுகூடச் சுவரில் இருக்கக் கூடாது என்பதில் மேலாளர் மிகவும் கண்டிப்பாக இருந்தார். நாளைக்கு என்ன ஆகும் என்று யார் கேட்டாலும் ஒரே பதில்: "நாளைக்குக் காலையில பலகையில எழுதுவோம்." இந்த ஒரு பதிலை எல்லோரும் ஒரே மாதிரி சொன்னதால், ஒரு கவுண்டரில் ஒன்று, இன்னொன்றில் வேறொன்று என்ற குழப்பம் நின்றது. எல்லாவற்றுக்கும் விடை தெரிந்திருக்க வேண்டும் என்ற பாரமும் எங்கள் தலையிலிருந்து இறங்கியது.

வாட்ஸ்அப்பில் வந்தவற்றைக் கிளைக்குள் பேசுவதில்லை என்றும் முடிவு செய்தோம். புதிய 2,000 ரூபாய் நோட்டுக்குள் சிப் இருக்கிறது என்ற வதந்தியும், 10 ரூபாய் நாணயம் செல்லாது என்ற வதந்தியும் அந்த நாட்களில் எங்கும் பரவியிருந்தன. நாணயம் செல்லும் என்று ரிசர்வ் வங்கியே விளக்கம் தர வேண்டியிருந்தது. வீட்டுக்குப் போன பிறகும் இரவு விவாத நிகழ்ச்சிகளைப் பார்ப்பதை நான் நிறுத்திவிட்டேன். அவற்றில் எனக்கு அடுத்த நாள் வேலைக்குப் பயன்படும் செய்தி எதுவும் இல்லை; தூக்கம் மட்டும் கெட்டது.

வரிசையில் நின்றவர்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் எங்கள் நிதானத்தில் பாதி அவர்கள் கையில் இருந்தது. ரிசர்வ் வங்கியின் பணத்தை இருப்பு வைத்துக் கிளைகளுக்கு அனுப்பும் கரன்சி செஸ்டிலிருந்து எங்களுக்கு எவ்வளவு பணம் வரும், எந்த நேரத்தில் வரும் என்பது வேன் வந்து நிற்கும்வரை தெரியாது. வாரத்துக்கு 24,000 எடுக்கலாம் என்று அறிவிப்பு இருந்தாலும், கேட்டவருக்கெல்லாம் அதைக் கொடுத்தால் முதல் சில பேரோடு பணம் தீர்ந்துவிடும். வந்த பணமும் பெரும்பாலும் 2,000 ரூபாய்த் தாள்கள். அதைக் கொண்டுபோய் எந்தக் கடையில் சில்லறை வாங்குவது? எங்கள் பகுதியில் தோல் பதனிடும் தொழிற்கூடங்களில் வேலை பார்ப்பவர்களும், வெள்ளிக்கிழமைச் சந்தையில் கடை போடுபவர்களும் அதிகம். அன்றாடம் காய்ச்சிகளின் கையில் 2,000 ரூபாய்த் தாளைக் கொடுக்கும்போது, அது அவர்களுக்கு இன்றைக்குப் பயன்படாது என்பது கொடுக்கிற எனக்கும் தெரியும்.

மேலாளர் இதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். பணம் வந்ததும் அவரே வாசலுக்குப் போவார். "இன்னைக்கு வந்தது இவ்வளவு. ஆளுக்கு இவ்வளவு குடுத்தா இத்தனை பேருக்கு வரும். அத்தனை பேருக்கு டோக்கன் தர்றேன். மத்தவங்க வெயில்ல நிக்காதீங்க, நாளைக்கு உங்களுக்குத்தான் முதல் டோக்கன்" என்று தொகையோடு சொல்வார். பணம் வராத நாளில் அதையும் அப்படியே சொல்வார். முதல்முறை அவர் அப்படிப் போனபோது எனக்கு அச்சமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் கூட்டம் கொதித்துவிடாதா? கோபப்பட்டார்கள், ஆனால் அந்தக் கோபம் சில நிமிடங்களில் அடங்கி, பாதிப் பேர் வீட்டுக்கோ வேலைக்கோ போனார்கள். மாலை 3 மணிவரை நிறுத்திவைத்து, கடைசியில் ஷட்டரை இறக்கிப் 'பணம் தீர்ந்துவிட்டது' என்று சொன்ன இடங்களில் கண்ணாடி உடைந்ததாகக் கேள்விப்பட்டோம். காத்திருப்பதை மக்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். எதற்காக, எவ்வளவு நேரம் என்று தெரியாமல் காத்திருப்பதைத்தான் அவர்களால் பொறுக்க முடிவதில்லை. பின்னாளில் வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோதும் இதையே நான் உணர்ந்தேன்.

பெண்கள் கொண்டுவந்த பணத்தைப் பற்றி எழுதாமல் இந்த அனுபவத்தைச் சொல்ல முடியாது. கணவருக்கோ மகனுக்கோ தெரியாமல் அரிசிப் பானையிலும் சேலை மடிப்பிலும் சேர்த்த சிறுவாட்டுப் பணம் அந்த வாரங்களில்தான் வெளியே வந்தது. முந்தானையில் முடிந்துகொண்டு வந்த 500 ரூபாய்த் தாள்களைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளிவிட்டு, "என் பேர்ல கணக்கு இல்லம்மா, அவருக்குத் தெரிஞ்சா பிரச்சினை ஆயிடும்" என்று மெல்லிய குரலில் சொன்னவர்கள் பலர். வரிசையின் வேகம் பாதிக்கப்பட்டாலும், இவர்களிடம் தொகையை உரக்கச் சொல்வதில்லை என்று எங்கள் ஒழுங்கைச் சற்று மாற்றிக்கொண்டேன், எழுதிக் காட்டினேன். கணக்கு இல்லாதவர்களை உள்ளே நாற்காலியில் உட்காரவைத்து, அவர்கள் பெயரிலேயே கணக்கு தொடங்கும் படிவத்தை உதவியாளரம்மா நிரப்பிக் கொடுத்தார். நெருக்கடியில் நம் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டால்தான் தாங்க முடியும் என்று பலர் கருதுகிறார்கள். என் அனுபவம் நேர் எதிரானது. ஒரு நாளில் ஒருவருக்காவது முழுமையாக உதவ முடிந்தது என்ற நினைவு இருந்த நாட்களில்தான் நான் குறைந்த களைப்போடு வீடு திரும்பினேன்.

உதவவே முடியாத நேரங்களும் இருந்தன. திருமணச் செலவுக்கு 2.5 லட்சம் ரூபாய்வரை எடுக்கலாம் என்று அறிவித்தார்கள். அதன் நிபந்தனைகள் பின்னால் வந்தன: நவம்பர் 8 அன்று கணக்கில் இருந்த தொகையிலிருந்துதான் எடுக்க வேண்டும், திருமணம் டிசம்பர் 30க்குள் நடக்க வேண்டும், ரொக்கமாகப் பணம் பெறப்போகிறவர்களின் பட்டியலையும், அவர்களுக்கு வங்கிக் கணக்கு இல்லை என்ற உறுதிமொழியையும் தர வேண்டும். மார்கழி பிறந்தால் முகூர்த்தம் இல்லை என்பதால் கார்த்திகைத் திருமணங்கள் நெருங்கி நின்றன. பந்தல்காரரிடமும் பூக்காரரிடமும் சமையல்காரரிடமும் கையெழுத்து வாங்கிவர வேண்டும் என்று நான் சொன்னபோது, ஒரு தகப்பனார் ஒன்றும் பேசாமல் பத்திரிகையைக் கண்ணாடியில் வைத்தபடியே நின்றார். அவருக்கு என்னால் செய்ய முடிந்தது, எந்தெந்தத் தாள் வேண்டும் என்பதை ஒரே காகிதத்தில் வரிசையாக எழுதிக் கொடுத்து, அவர் இரண்டாம் முறை வீணாக அலையாமல் பார்த்துக்கொண்டது மட்டுமே. விதியை மாற்றும் அதிகாரம் என்னிடம் இல்லை. அந்த விதிக்குள் அவர் நடக்க வேண்டிய தூரத்தைக் குறைக்கும் அதிகாரம் இருந்தது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகியது, வேறெந்தப் பழக்கத்தையும்விட எனக்குக் கைகொடுத்தது.

உடலைப் பற்றி ஒரு செய்தியை, குறிப்பாகப் பெண் ஊழியர்களுக்காக, வெளிப்படையாகச் சொல்கிறேன். கவுண்டரை விட்டு எழ முடியாது என்பதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருப்பது எங்கள் தொழிலில் பரவலாக உள்ள பழக்கம். அதன் விளைவு தலைவலி, எரிச்சல், சிறுநீர்த் தொற்று. இவை மூன்றும் சேர்ந்தால் யாருக்கும் பொறுமை மிஞ்சாது. இரண்டாம் வாரத்திலிருந்து, யார் எத்தனை மணிக்கு யாரை மாற்றிவிட வேண்டும் என்று தாளில் எழுதி ஒட்டினோம். மேலாளரும் அந்தப் பட்டியலில் இருந்தார். காசாளர் எழும் பத்து நிமிடத்துக்கு இழுப்பறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போக, மேலாளர் வந்து வரிசையில் நிற்பவர்களிடம் பேசிக்கொண்டிருப்பார். சாப்பாடு அவரவர் வீட்டிலிருந்து வந்தாலும் இரண்டிரண்டு பேராக, குறித்த நேரத்தில் சாப்பிட்டோம். அவகாசம் கிடைக்கும்போது ஓய்வெடுக்கலாம் என்று இருந்தால் அந்த அவகாசம் வரவே வராது.

டிசம்பரில் நெருக்கடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. 5ஆம் தேதி இரவு முதலமைச்சர் ஜெயலலிதா காலமானார். அழுதுகொண்டே வரிசையில் நின்றவர்களை அந்த வாரம் முழுவதும் பார்த்தோம். ஒரு வாரம் கழித்து, 12ஆம் தேதி வர்தா புயல் சென்னையைக் கடந்தது. மரங்கள் சாய்ந்து, மின்சாரமும் கைபேசித் தொடர்பும் அற்றுப்போயின. ரொக்கம் இல்லாதவர்கள் கார்டைப் பயன்படுத்துங்கள் என்று சொல்லப்பட்ட காலத்தில், கார்டு தேய்க்கும் இயந்திரங்களும் ஏடிஎம்களும் ஒருசேர நின்றுவிட்டன. கிளையில் ஜெனரேட்டர் இருந்தது, ஆனால் லிங்க், அதாவது வங்கியின் மையக் கணினியோடு இணைப்பு, இல்லை. லிங்க் இல்லாமல் கணக்கைத் திறக்கவே முடியாது. வெறுமனே உட்கார்ந்திருந்தால் வந்தவர்களுக்கும் எங்களுக்கும் மனம் குலைந்துவிடும் என்பதால், ஜெனரேட்டர் ஓடும் நேரத்தில் அக்கம்பக்கத்தாரின் கைபேசிகளுக்கு மின்னேற்றம் செய்துகொடுத்தோம், லிங்க் வந்ததும் உடனே பதிவதற்கு ஏற்றவாறு செலான்களை நிரப்பி வரிசைப்படி அடுக்கிவைத்தோம். முந்தைய ஆண்டு வெள்ளத்தைக் கண்டவர்கள் என்பதால் மக்களிடம் ஒரு பக்குவமும் இருந்தது. கையில் காசு இல்லாதவர்களுக்கு மளிகைக்கடைக்காரர்கள் நோட்டில் எழுதிக்கொண்டு சாமான் கொடுத்தார்கள். அந்தப் பகுதி அந்த வாரத்தைக் கடந்ததற்கு வங்கியைவிட அந்தக் கடன் நோட்டுகளே காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இளையவர்கள் எதிர்பாராத ஒன்று, களைப்பு பிந்தி வரும் என்பது. டிசம்பர் 30 முடிந்ததும் நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தோம். ஜனவரியில்தான் காய்ச்சலும் தூக்கமின்மையும் காரணமில்லாத கோபமும் வந்தன. நெருக்கடியில் ஒரு சொல்கூடக் கடிந்து பேசாத தோழி, பொங்கல் சமயத்தில் ஒரு சிறிய விஷயத்துக்கு அழுதார். இது பலவீனத்தின் அடையாளம் அன்று. இத்தனை வாரம் இழுத்துப் பிடித்திருந்த உடல் தளரும்போது இப்படித்தான் ஆகும். ஆகவே பெரிய மாற்றம் ஒன்றைக் கடக்கும்போதே, அது முடிந்த பிறகான விடுப்பையும் திட்டமிட்டுக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

பின்பு 2020 ஏப்ரல் 1 அன்று பத்துப் பொதுத்துறை வங்கிகள் நான்காக இணைந்தன. எங்களுடையதும் அவற்றில் ஒன்று. ஊரடங்கின் நடுவே புதிய மென்பொருள், புதிய ஐஎப்எஸ்சி எண்கள், அறிமுகமில்லாத மேலதிகாரிகள் என்று வந்தபோது, காலையில் கூடி நிற்கும் கால் மணி நேரத்தையும் தேதி போட்ட பலகையையும் நாங்கள் மறுபடியும் தொடங்கினோம். இடைவெளி விட்டு நின்றுதான் கூட வேண்டியிருந்தது.

2023 மே 19 அன்று 2,000 ரூபாய் நோட்டைத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தபோது, என்னிடம் முதலில் ஓடி வந்தது அப்போதுதான் கிளைக்கு வந்திருந்த ஒரு காசாளர் பெண். 2016ஐப் பற்றிக் கேள்விப்பட்டிருந்ததால் அவருக்கு முகம் வெளுத்திருந்தது. சுற்றறிக்கையை முழுவதும் அவரையே படிக்கச் சொன்னேன். நோட்டு தொடர்ந்து செல்லும், மாற்றுவது 23ஆம் தேதிதான் தொடங்கும், ஒரு முறைக்கு 20,000 ரூபாய்வரை மாற்றலாம், செப்டம்பர் 30வரை நேரம் இருக்கிறது என்பதைப் படித்து முடித்ததும், "அப்போ அவசரமே இல்லையே மேடம்" என்றார். அவசரம் இல்லைதான். இருந்தாலும் கவுண்டரில் யார் யாரை எத்தனை மணிக்கு மாற்றிவிடுவது என்ற பட்டியலை அன்று மாலையே எழுதி ஒட்டச் சொன்னேன். மேலாளரின் பெயரையும் அதில் சேர்க்கச் சொன்னேன்.